இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் போதும்

(நாமக்கல்லில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சாதியும் தொழில்நுட்பமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் இப்போது யார் பேசினாலும் செயற்கை நுண்ணறிவில்தான் தொடங்குகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. காதில் மாட்டும் இயர்பட்ஸுக்காக நீங்கள் தினமும் தட்டுகிற அந்தச் சின்ன நீலக் குறி இருக்கிறதே, புளூடூத், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கம்பியில்லாமல் பக்கத்தில் இருக்கும் கருவிகளைக் கண்டுபிடித்து இணைக்கிற மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், பக்கத்திலேயே இருந்தும் இணையாத நம் ஊர் எப்படி வேலை செய்கிறது என்பதும் புரியும்.

முதலில் அது செய்கிற வேலையைப் பார்ப்போம். மூன்று படிகள்தான். முதல் படி, தேடுவது. உங்கள் போனோ மடிக்கணினியோ "இங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. ஏறக்குறைய 10 மீட்டருக்குள் இருக்கிற, தன்னைக் காட்டிக்கொள்ளச் சம்மதித்த கருவிகள் எல்லாம் தங்கள் பெயரைச் சொல்கின்றன. இரண்டாவது படி, ஜோடி சேர்வது. நாம் பேச்சுவழக்கில் 'பேர் பண்ணு' என்கிறோமே, அது. இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்க எண் வரும். இந்தப் பக்கம் இருப்பவரும் 'சரி' என்று அழுத்த வேண்டும், அந்தப் பக்கம் இருப்பவரும் 'சரி' என்று அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. மூன்றாவது படி, நினைவு வைத்துக்கொள்வது. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. அடுத்த முறை கேள்வி கேட்காமல் இணைந்துகொள்ளும்.

இதற்கு டவர் வேண்டாம். ரீசார்ஜ் வேண்டாம். கொல்லிமலையில் சிக்னலே இல்லாத வளைவில் நின்றாலும் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு கோப்பை அனுப்பிவிடலாம். எப்படி? இது ஓடுகிற அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லாதது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். செல்போன் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கும் அலைவரிசை வேறு. இந்த 2.4 பட்டையைக் குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் விதி போட்டது. வீட்டு வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட இதே பட்டையில்தான் இருக்கின்றன. இத்தனை பேர் ஒரே இடத்தில் நெருக்கியடித்தால் மோதல் வராதா? வரும். அதனால்தான் புளூடூத் ஒரே இடத்தில் உட்கார்ந்து இடம் பிடிப்பதில்லை. பட்டையை 79 துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1,600 முறை துண்டு மாறித் தாவுகிறது. அடுத்தவருக்கும் இடம் விட்டுத் தானும் வாழ்கிற ஏற்பாடு அது.

காற்றில் ஒரு பொதுக்குளம் என்று இதைச் சொல்லலாம். பொதுக்குளம் என்றதும் நமக்கு மகாத் நினைவுக்கு வர வேண்டும். சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக அந்த நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய் இறங்கி அள்ளிக் குடிக்கிறவரை அது ஒடுக்கப்பட்டோருக்குப் பொதுக்குளமாக இல்லை. தீர்மானம் குளத்தைத் திறக்கலாம். சாதி திறக்காது. பொதுச் சொத்து என்று தாளில் எழுதியிருப்பதைப் பொதுச் சொத்தாக ஆக்குவது பயன்படுத்துகிறவர்களின் கால்கள்தான். காற்றிலிருக்கிற இந்தப் பொதுவெளிக்கும் அது பொருந்தும்.

சரி, முதல் படிக்கு வருவோம். கருவிகள் தங்கள் பெயரைச் சொல்கின்றன என்றேன். என்ன பெயர்?

புளூடூத் என்பதே ஒரு மனிதனின் பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற அரசனுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். பிரிந்து கிடந்த டேனிய மக்களை ஒன்று சேர்த்தவன் என்று சொல்லப்படுகிறவன். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் தொடங்கிய வேலை இது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றுசேர்க்கப் போகிறோம் என்பதால் 1997இல் அவன் பெயரை முன்மொழிந்தார்கள். அவனுடைய இரண்டு முதலெழுத்துகளைப் பழைய நார்டிக் வரிவடிவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுதான் அந்தச் சின்னம். ஆக, இணைப்பதற்காக வைத்த பெயர்.

அந்த இணைப்புக் கருவிக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? புதிதாக வாங்கும்போது போனுக்கு அதன் மாடல் பெயர்தான் இருக்கும். யாரும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. ஆனால் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்து பக்கத்துக் கருவிகளைத் தேடிப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். பாதி மாடல் பெயர்கள். நடுவில் ஒன்றில் சாதிப் பட்டம் இருக்கும். இன்னொன்றில் 'வம்சம்' இருக்கும். இன்னொன்றில் சாதிப் பெயரோடு 'கெத்து' சேர்ந்திருக்கும். ஹாட்ஸ்பாட் பெயர்களிலும் இதே கதை. ஒருவர் அமைப்புகளுக்குள் போய், பழைய பெயரை அழித்து, தன் சாதியை எழுத்தெழுத்தாகத் தட்டிச் சேமித்திருக்கிறார். யாருக்காக? அவருக்குத் தன் சாதி தெரியும். பக்கத்தில் இருக்கிற, முகம் தெரியாத நமக்காகத்தான்.

இது விளையாட்டு இல்லையா, இதற்குமா கோபப்படுவது என்று கேட்பீர்கள். கையில் கட்டுகிற வண்ணக் கயிறும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. எந்த நிறம் எந்தச் சாதி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிகிற நிலை வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான், காப்பாற்ற வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. கயிற்றைத் தலைமையாசிரியர் பார்க்க முடியும், அறுக்கச் சொல்ல முடியும். இந்தக் கயிற்றை யார் பார்ப்பது? வகுப்பறைக்குள், விடுதிக்குள், பேருந்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கட்டப்பட்ட கயிறு இது.

"அவன் வைத்தால் நானும் என் சாதியை வைக்கிறேன், என்ன தப்பு?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பெயரைச் சொல்லி நம்மை விரட்டினார்களோ அந்தப் பெயரைக் கூசாமல் சொல்வதற்கும், மற்றவரை மிரட்டச் சாதிப் பெயரைத் தூக்கிப் பிடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் நம் நோக்கம் அந்தப் பட்டியலில் நமக்கும் ஒரு வரி பிடிப்பதா, பட்டியலையே மாற்றுவதா? நான் அவனிடம் சொன்னது இதுதான்: மீனாம்பாள் சிவராஜ் என்று வை. இரட்டைமலை சீனிவாசன் என்று வை. 'மகாத் 1927' என்று வை. பக்கத்தில் இருப்பவன் "இது யாருடா?" என்று தேடட்டும். பத்து மீட்டருக்கு ஒரு துண்டறிக்கை, அச்சுக்கூலி இல்லாமல்.

அடுத்தது, பக்கத்தில் இருப்பது. மென்பொருளுக்குப் பக்கத்தில் இருப்பதே இணைவதற்கான முதல் தகுதி. நம் ஊர்களில் ஊரும் சேரியும் எவ்வளவு தூரம்? ஒரு சாலை, ஒரு வாய்க்கால், சில இடங்களில் ஒரே ஒரு சுவர். மேட்டுப்பாளையம் நடூரில், தீண்டாமைச் சுவர் என்று அந்தப் பகுதி மக்கள் சொன்ன சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் சரிந்து விழுந்து, பக்கத்தில் ஓட்டு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. அருந்ததிய மக்கள். நான் பேசுகிற இந்த அலை, சுவர் குறுக்கே இருந்தால் வலு குறையும், ஆனாலும் முடிந்தவரை ஊடுருவும். அந்த வீட்டு வைஃபையின் அலைக்குச் சேரிக்குள் வர யாரும் தடை போட்டிருக்க முடியாது. கடவுச்சொல்தான் தடை. மனிதர்களுக்குக் கடவுச்சொல்லும் உண்டு, சுவரும் உண்டு.

அரசே பக்கத்தில் குடிவைத்துப் பார்த்ததும் உண்டு. கலைஞர் ஆட்சியில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கோடு போடாத ஒரு தெருவை அரசு செலவில் கட்டியது பெரிய காரியம். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தெரு செய்யக்கூடியது முதல் படியை மட்டும்தான். பக்கத்தில் இருந்தால் பெயர் தெரியும். இரண்டாவது படிக்கு இரு பக்கமும் 'சரி' என்று அழுத்த வேண்டும்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் கேட்டது இந்த இரண்டாவது படியைத்தான். நல்ல சமூகம் என்றால் ஒரு பகுதியில் உண்டாகும் மாற்றம் மற்ற பகுதிகளுக்குப் போய்ச் சேர வழிகள் நிறைய இருக்க வேண்டும், மனிதர்கள் தடையில்லாமல் கலந்து பழக வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தக் கலப்புக்கு உண்மையான மருந்து சாதி மறுப்புத் திருமணம் என்றார். சாதி எங்கே காவல் வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் காவல் நம் மாவட்டத்தில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில், உடன் படித்த, ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். பாதி ஆண், பாதி பெண்ணாக இணைந்து நிற்கிற சாமி இருக்கிற கோயில் அது. அங்கிருந்து அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச் 8 அன்று யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜின் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் 2 அன்று உறுதி செய்தது. உடனிருந்த பெண் பிறழ்சாட்சியான பிறகும் வழக்கு நின்றதென்றால், கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு அதற்கு ஒரு முக்கியமான காரணம். மனிதர்களைச் சாதி பேசவிடாமல் செய்தபோது ஒரு கருவியின் நினைவு பேசியது. அந்தப் பெண்ணை நாம் ஏசக் கூடாது. அவர் எவ்வளவு அழுத்தத்துக்குள் இருந்திருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் 'சரி' என்று அழுத்தியிருந்தார்கள். மூன்றாமவர்கள் வந்தார்கள், "எங்களிடம் கேட்டீர்களா?" என்று.

தோழர்களே, இந்த உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். புளூடூத்தை வடிவமைத்தவர்கள் இரண்டு கருவிகளின் ஒப்புதலைக் கேட்டார்கள். சுற்றி இருக்கிற மற்ற கருவிகளின் ஒப்புதலைக் கேட்கவில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 'சக்தி வாஹினி' வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்ய ஒப்புக்கொண்டால் குடும்பத்தின் சம்மதமோ, சமூகத்தின் சம்மதமோ, குலத்தின் சம்மதமோ தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னது. இயந்திரத்துக்கும் நீதிமன்றத்துக்கும் புரிந்தது ஊருக்குப் புரியவில்லை. பேர் பண்ணுவதற்கு முன் 'என்ன பேரு, என்ன ஆளுங்க?' என்று கேட்கிற ஊர் இது. 2025 ஜூலை 27 அன்று நெல்லையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். படிப்பும் வேலையும் வந்தால் சாதி போய்விடும் என்று சொல்கிறவர்களுக்கு அவர் பெயர் பதில்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். சாதி மறுத்துக் காதலிக்கிறவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். கையுயர்த்த வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன். இதே கருவி உங்களைக் காட்டியும் கொடுக்கும்.

ஒன்று, தேவைப்படாத நேரத்தில் உங்கள் போன் மற்றவர்களுக்குத் தெரியும்படி வைக்காதீர்கள். குவிக் ஷேர் போன்ற வசதிகளில் 'எல்லோருக்கும்', 'என் தொடர்புகளுக்கு மட்டும்', 'யாருக்கும் இல்லை' என்று தேர்வுகள் இருக்கும். பார்த்து வையுங்கள்.

இரண்டு, முன்பு இணைத்த கருவிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். வீட்டுக் கார், அண்ணனின் மடிக்கணினி, பழைய நண்பரின் ஸ்பீக்கர் எல்லாம் அதில் இருக்கும். வேண்டாதவற்றை நீக்குங்கள். வாடகைக் காரில் பாட்டுக் கேட்க இணைக்கும்போது 'தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவையும் அனுமதிக்கவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்பது அந்தக் காரின் திரைக்குப் போய்விடும்.

மூன்று, ஏர்டேக் போன்ற சின்னப் பொத்தான்கள். சாவியைத் தொலைக்காமல் இருக்கச் செய்தது. பைக்குள்ளோ வண்டி இருக்கைக்கு அடியிலோ போட்டால் ஆளையும் தொலைக்காமல் பின்தொடரும். அது சுற்றியிருக்கிற முன்பின் தெரியாதவர்களின் போன்கள் வழியாகத் தன் இடத்தைச் சொல்கிறது. தெரியாத பொத்தான் ஒன்று உங்களோடு நகர்ந்தால் உங்கள் போன் எச்சரிக்கும் ஏற்பாட்டை ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் கொண்டுவந்தன. அப்படி எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டை விட்டு வரும் நாளில் பையின் உள்ளறையைக்கூடத் தட்டிப் பாருங்கள்.

யார் யாரோடு நெருங்கினார்கள் என்பது ஒரு தகவல். அது யார் கையில் இருக்கிறது என்பது அரசியல். 2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது வந்தபோதும் அடிப்படை இதுதான். பக்கத்தில் வந்த போன்களைப் புளூடூத்தால் குறித்துவைத்தது. மே 1 அன்று ஊழியர்கள் எல்லோருக்கும் கட்டாயம் என்றார்கள், எதிர்ப்பு வந்த பின்பு தளர்த்தினார்கள். தொற்றுக்காகத் தொடங்கிய பட்டியல் தொற்றோடு முடியும் என்று நம்புவதற்கு நம் வரலாறு இடம் தருவதில்லை.

இன்னொரு பக்கம், இதே கருவி நமக்கு ஆயுதமும் கூட. 2011இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். நம்மில் பலர் வீட்டில் முதல் கணினி அதுதான். அதில் வைஃபை இருக்கிறது. உங்கள் போனையும் அதையும் இணைத்து ஒரு சின்ன நூலகத்தை உருவாக்குங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் தமிழ் வடிவம், 1995 விதிகள், புகார் மனு மாதிரி, கல்வி உதவித்தொகை விண்ணப்பம். சேரியில் ஒருவருடைய போனுக்குப் போனால் அங்கிருந்து பத்துப் பேருக்குப் போகும். நெட் பேக் தீர்ந்துபோன அக்காவுக்கும் போகும். கணினியில் விண்டோஸ் இருந்தால் குவிக் ஷேர் போதும். லினக்ஸ் இருந்தால் கேடிஇ கனெக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. போனையும் கணினியையும் ஒரே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தால் போதும், இணையம் வேண்டாம்.

இணையத்தையே நிறுத்தினால் என்ன செய்வது? நடந்திருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று மக்களைச் சுட்டுக் கொன்ற மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்கள். 2014இல் ஹாங்காங் மாணவர்கள் ஃபயர்சாட் என்ற செயலியைப் பயன்படுத்தினார்கள். ஒரு போனிலிருந்து அடுத்த போன், அங்கிருந்து அடுத்தது என்று கைமாற்றி, டவர் இல்லாமலே செய்தி போகும். 2019இல் பிரிட்ஜ்ஃபை வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே பிரிட்ஜ்ஃபையில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு ஓட்டைகள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவியைப் பயன்படுத்துங்கள், கருவியிடம் உயிரை ஒப்படைக்காதீர்கள். ரகசியம் வேண்டிய செய்திக்கு நம்பிக்கையான ஆள்தான் நல்ல செயலி.

கடைசியாக ஒன்று. போன் அமைப்புகளை மாற்றினால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்கின்றன. கவின் கொலைக்குப் பிறகு 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. ஆணையம் முடிவல்ல, சட்டம் வர வேண்டும். அந்தச் சட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது: வயது வந்த இருவர் ஒப்புக்கொண்டால் போதும். மூன்றாமவருக்கு அங்கே வேலை இல்லை. மிரட்டினாலே குற்றம்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்வோம். உங்கள் விடுதியில், வகுப்பில், விசைத்தறிக் கூடத்தில், லாரிப் பட்டறையில் சாதிப் பெயரோடு மின்னுகிற கருவி யாருடையது என்று தெரிந்தால், அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். திட்ட வேண்டாம். "தம்பி, இந்தப் பெயரைப் பார்த்து என் பக்கத்தில் இருக்கிறவன் பயப்படுகிறான், மாற்றிவிடு" என்று சொல்லுங்கள். பத்து மீட்டருக்குள் இருக்கிற ஒருவரிடம் பேச நமக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.